விசாரணைக்கு முன் ஒரு தேர்தல்

ஓடுகிறவன் கையிலேயே விசிலையும் கொடுத்தால் ஓட்டப்போட்டி எப்படி இருக்கும்? பிரித்தானியத் தேர்தல் அப்படித்தான் இருக்கிறது. எப்போது தேர்தல் என்று சொல்கிறவரே அந்தத் தேர்தலில் நிற்கிற பிரதமர். நாங்கள் இருக்கிற டென்மார்க்கிலும் அதே கதை. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் யாப்பிலும் அதே கதைதான். ஆண்டுப் பொதுக்கூட்டத்தையும் நிர்வாகத் தெரிவையும் மே மாதத்துக்கும் ஒக்ரோபருக்கும் இடையில் தலைவர் விரும்பிய நாளில் வைக்கலாம், பதினான்கு நாள் முன்னறிவித்தல் போதும். பத்தொன்பது வருடமாக ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை அதை செப்ரெம்பர் கடைசிச் சனிக்கிழமைதான் வைத்தார். இரண்டாயிரத்து இருபத்து நான்கில் மட்டும் யூன் இருபத்திரண்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

ஏன் என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் அப்போது நினைத்தேன். நான் அந்தச் சங்கத்தின் செயலாளர், பெயர் யோகமலர். காலையில் கிழடுகள் வீட்டுக்குப் போய்க் குளிக்கவார்த்து மருந்து கொடுக்கிற வேலை. வாய் கொஞ்சம் நீளம் என்று என் கணவரே சொல்லுவார். ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன்; இக்காஸ்ட்டிலிருந்து காரில் அரைமணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரனிஸ்லாஸ் என்பதும் அவருடைய சொந்தப் பெயர் அல்ல. அவர் தமிழ் வாசிப்பார், ஆகையால் மாற்றியிருக்கிறேன்.

அந்த வருடம் மே பதினான்காம் திகதி நகரசபையிலிருந்து, நாங்கள் கொம்யூன் என்போம், சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. இங்கே அரசாங்கக் கடிதம் எதையும் இப்போது தபால்காரர் கொண்டுவருவதில்லை. ஈ-பொக்ஸ் என்கிற இணையப் பெட்டிக்குள் வந்து விழும். சங்கத்தின் பெட்டியைத் தலைவர் ஒருவர்தான் திறக்கலாம். தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கிற கட்டடத்தை விற்க யோசிக்கிறோம், உங்களுக்கு ஆட்சேபனை இருந்தால் யூலை முதலாம் திகதிக்குள் எழுதி அனுப்புங்கள், இதுதான் கடிதத்தின் சாரம். அதைத் திறந்தவர் ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை. ஒருவருக்கும் அவர் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள் அந்தக் கட்டடத்தில் தமிழ் படித்தார்கள், அவர்களுக்கு வேறு இடம் இல்லை. கடிதம் வந்த நாளிலிருந்து நாற்பத்தெட்டு நாள் இருந்தது.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். நீங்கள் முன்னமே தெரிந்துகொண்டு வாசித்தால்தான் நான் எவ்வளவு பெரிய விசரி என்பது விளங்கும்.

அவர் யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடற்கரையில் பிறந்தவர். எண்பத்தைந்தில் அவருடைய தமையன் மரியதாசை ஆமிக்காரர் வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு சின்ன விசாரணை, பின்னேரம் விட்டுவிடுவோம் என்று சொன்னார்களாம். தாய் ஒரு பையில் துவாயும் மாற்றுச் சேர்ட்டும் வைத்துக் கொடுத்து அனுப்பினாராம். ஆள் திரும்பி வரவில்லை. இதை அவர் ஒருநாளும் கதைத்ததில்லை. அவருடைய மனைவி றெஜினா அக்கா ஒருமுறை வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தபோது என்னிடம் சொன்னது.

அடுத்த வருடம் கிழக்கு பேர்லின் வழியாக டென்மார்க் வந்து சேர்ந்தார். துணிக்குச் சாயம் போடுகிற தொழிற்சாலையில் பதினெட்டு வருடம். அவருடைய டேனிஷ் அங்கே படித்தது. சூடு, நிறுத்து, பழுது, நாளைக்கு லீவு: இவ்வளவும் தண்ணீர்பட்ட பாடு, அதற்கு மேலே போனால் தலையை ஆட்டிச் சமாளிப்பார். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனபோது அதன் சாப்பாட்டுக்கூடம் மட்டும் மிஞ்சியது. கொம்யூன் அதை வாங்கி ஊர்ச் சங்கங்களுக்குக் கொடுத்தது. தான் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்ட மேசைகளிலேயே பிள்ளைகளை இருத்தி அ, ஆ எழுதவைத்தவர் அவர். மேடைக்கு இடம் காணாது என்று இரண்டாயிரத்துப் பதினாறில் ஒரு தடுப்புச் சுவரைத் தானே சம்மட்டியால் உடைத்தார். அனுமதி கேட்டால் ஆறு மாதம் இழுக்கும் என்றார். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம், நான்தான் பலமாகத் தட்டினேன்.

வீட்டுக்கு வருகிற டேனிஷ் கடிதங்களை மகள் ஷாமிலா வாசித்துச் சொல்லுவாள். அவள் ஓல்போர்க் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போனபோது, தகப்பனின் கைத்தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்புச் செயலியைப் போட்டுக் கொடுத்தாள். படம் பிடித்தால் டேனிஷ் தமிழாக மாறும். அன்றிலிருந்து மனுசனைப் பிடிக்க முடியாது. பால் பெட்டியையும் பஸ் தரிப்பிட அறிவித்தலையும் படம் பிடித்துக்கொண்டு திரிந்தார். எங்களுக்கும் பிடித்துக் காட்டுவார். "இனி ஒருத்தரையும் கெஞ்சத் தேவையில்லை தங்கச்சி," என்பார்.

உலக அரசியலில் அவரை மிஞ்ச எங்கள் ஊரில் ஆள் இல்லை. பிள்ளைகள் வகுப்புக்குள் போனதும் பெற்றோர்கள் நடைபாதையில் தேநீரோடு நிற்போம். அவர் நடுவில் நிற்பார். மைத்துனர் லண்டனில் இருப்பதால் பிரித்தானியா அவருக்குச் சொந்த வளவு மாதிரி. இரண்டாயிரத்துப் பதினேழில் அங்கே பிரதமர் கருத்துக்கணிப்பில் மிக முன்னுக்கு நின்றபோது திடீரென்று தேர்தல் அறிவித்தார். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்கிறார் என்று நாங்கள் சொன்னோம். "தூற்றிறவைக்குக் கண்ணுக்குள்ள பதர் விழும், பொறுங்கோ," என்றார் அண்ணை. பெரும்பான்மை போயிற்று. அதற்குப் பிறகு எவரும் அவரோடு பந்தயம் பிடிப்பதில்லை.

இருபத்து நான்கு மே இருபத்திரண்டாம் திகதி, பிரதமர் மழையில் குடையும் இல்லாமல் நனைந்துகொண்டு நின்று யூலை நான்கில் தேர்தல் என்று சொன்னதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அடுத்த சனிக்கிழமை நடைபாதை நிறைய ஆட்கள். எங்களுடைய உபதலைவர் சிவபாலன்தான் தொடங்கினார்.

"அண்ணை, இது என்ன விளையாட்டு? அடுத்த வருசம் தைக் கடைசி மட்டும் நேரம் இருக்கு. ஆள் இருபது புள்ளி பின்னுக்கு நிக்கிறார். இப்ப போய் ஆராவது தேர்தல் வைப்பினமோ?"

வழமையாக இப்படி ஒரு கேள்விக்கு ஒரு மணி நேரம் விளக்கம் வரும். விலைவாசி கொஞ்சம் இறங்கிய கணக்கு அன்றுதான் வந்தது என்பார், சொந்தக் கட்சிக்குள்ளேயே கத்தி தீட்டுகிறவர்களைச் சொல்லுவார், கோடையில் வரப்போகிற அகதிப் படகுகளைச் சொல்லுவார். அன்றைக்கு அதெல்லாம் சிவபாலன்தான் சொன்னார். அண்ணை தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி," என்றார் கடைசியில், "முன்னுக்கு நல்லது இருக்கிறவன் பொறுத்திருப்பான். பின்னுக்கு வாறது என்னெண்டு தெரிஞ்சவன்தான் அவசரப்படுவான்."

அவ்வளவுதான். தேநீரை அப்படியே தொட்டியில் ஊற்றிவிட்டு, உடைத்த சுவரின் அடையாளம் தெரிகிற இடத்தில் போய் நின்று தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கடிதம் வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை, யூன் ஒன்று, பொதுக்கூட்டம் இருபத்திரண்டில் என்று சுவரில் தாள் ஒட்டியிருந்தது. செயலாளர் எனக்கே தாளைப் பார்த்துத்தான் தெரியும். கோபம் உச்சியில் ஏறியது.

"ஏன் அண்ணை இந்த அவசரம்?"

"கோடை லீவுக்குச் சனம் லண்டன், கனடா எண்டு போயிடும். அதுக்கு முன்னம் முடிப்பம்."

"பத்தொன்பது வருசமாச் சனம் போய்த்தானே வருது?"

"இந்த முறை முன்னம் முடிப்பம், தங்கச்சி." முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

நான் வீட்டுக்குப் போகும் வழியிலேயே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். செப்ரெம்பரில் நான் தலைவர் பதவிக்கு நிற்கப்போகிறேன் என்று ஊருக்குள் கதை அடிபட்டுக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு டேனிஷிலும் விளக்கம் சொல்லிக் கற்பிக்க வேண்டும், இளம் ஆசிரியைகள் வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இளம் பெற்றோர்கள் என் பக்கம். நான் ஆள் சேர்க்கமுன் என்னை முடித்துவிடப் பார்க்கிறார், லண்டனைப் பார்த்துப் படித்த பாடம் என்று முடிவு கட்டினேன். மனுசர் செய்கிறதற்கெல்லாம் அரசியல் காரணம்தான் இருக்கும் என்று நம்புகிறவள் நான். அந்த நடைபாதையில் அவரிடம் பாடம் கேட்டு வளர்ந்த புத்தி அது.

மூன்று கிழமை ஓடித்திரிந்தேன். காலையில் கிழடுகள், பின்னேரம் வாக்குகள். ஒவ்வொரு வீட்டிலும் தேநீர் குடித்துக் குடித்து வயிறு புளித்தது. எல்லா வீட்டிலும் ஒன்றையே சொன்னேன்: மடியில் கனம் இல்லாதவருக்கு வழியில் என்ன பயம், ஏன் இந்த ஓட்டம்? பிழையான ஒன்றைத்தான் நினைத்துச் சொன்னேன், ஆனால் அவர் மடியில் கனம் இருந்தது உண்மை. ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. அவர் ஒரு வீட்டுக்கும் போகவில்லை. ஒருவருக்கும் தொலைபேசி எடுக்கவில்லை. இவ்வளவு திமிரா என்று நினைத்தேன்.

எஸ்பியர்க்கில் இருக்கிற என் சிநேகிதி கூடக் கேட்டாள், அந்தாள் வெல்ல விருப்பம் இல்லாதவர் மாதிரி அல்லவா இருக்கிறார் என்று. வெல்ல விருப்பம் இல்லாதவர் ஏனடி முன்கூட்டித் தேர்தல் வைக்கிறார் என்று நான் அவளைப் பேசிவிட்டேன்.

யூன் இருபத்திரண்டு. அறுபத்தைந்து பேர் வந்திருந்தார்கள். யன்னல்களுக்கு வெளியே வெயில் எரித்தது, உள்ளே எல்லோரும் மெதுவாகவே கதைத்தார்கள். அண்ணை வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தார், ஆள் மெலிந்திருந்தார். அறிக்கையை வாசிக்கும்போது ஒரே பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் எழும்பினேன்.

"அண்ணை, பின்னுக்கு வாறது தெரிஞ்சவன்தான் அவசரப்படுவான் எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள். இப்ப சபைக்குச் சொல்லுங்கோ. உங்களுக்குப் பின்னால என்ன வருகுது?"

அவர் மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"காரணம் இருக்கு," என்றார். "இப்ப கேளாதேங்கோ."

அந்தப் பதிலோடு அவருக்கு இருந்த வாக்கும் போயிற்று. எனக்கு நாற்பத்தொன்று, அவருக்கு இருபத்து மூன்று, ஒன்று செல்லாதது. எனக்குக் கை கொடுத்தபோது அவருடைய கை குளிர்ந்திருந்தது. முகத்தில் நான் எதிர்பார்த்த கோபம் இல்லை. பயந்த பிள்ளையைப் பார்க்கிறது மாதிரி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு, சங்க்ட் ஹன்ஸ். டேனிஷ்காரர் கடற்கரையிலும் குளக்கரையிலும் விறகு குவித்து மேலே சூனியக்காரி பொம்மையை வைத்து எரிக்கிற நாள். பின்னேரம் ஐந்து மணி இருக்கும், என் வீட்டில் வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் நிறைந்திருந்தார்கள். மணி அடித்தது. வாசலில் ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை, கையில் தொலைபேசி. குளப்பக்கமிருந்து புகை மணம் வந்துகொண்டிருந்தது.

"தங்கச்சி, ஒரு கடிதம் வந்து கிடக்குது. உமக்குச் சொல்லோணும்."

உள்ளே சிவபாலன் ஏதோ பகிடி விட, சனம் சிரித்தது. அது அவரைப் பற்றிய பகிடிதான். அவருக்கும் கேட்டிருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது, வெட்கம் வந்தால் எனக்கு வாய்தான் நீளும்.

"அண்ணை, சங்கத்து அலுவலைச் சங்கத்திலை கதைப்பம். ஆவணி முதல் கூட்டத்திலை எல்லாத்தையும் ஒண்டாத் தாங்கோ."

அவர் என் தோளுக்கு மேலால் உள்ளே இருந்த ஆட்களைப் பார்த்தார்.

"ஓம், அதுவும் சரிதான். உமக்கு ஏன் இது," என்றார். "சந்தோசமா இருங்கோ."

படியிறங்கிப் போனார். உள்ளே வரச்சொல்லவில்லை, ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. எட்டு நாள் இருந்தது. எட்டு நாளில் நான் நூறு கையெழுத்து வாங்கியிருப்பேன். இதை எழுதும்போதும் என் காது சுடுகிறது.

ஈ-பொக்ஸ் என் பெயருக்கு மாறவேண்டும் என்றால் பழைய தலைவர் தன்னுடைய இலக்கத்தால் சம்மதம் கொடுக்கவேண்டும். திங்கள், செவ்வாய், புதன் என்று ஒரு கிழமை போயிற்று, சம்மதம் வரவில்லை. தோல்வியைச் சீரணிக்க முடியவில்லை ஆளுக்கு, கதிரை போனாலும் திறப்பை விடமாட்டாராம் என்று எல்லோருக்கும் சொன்னேன். அவரிடம் மட்டும் கேட்கவில்லை. யூலை இரண்டாம் திகதி காலையில் பார்த்தால், முதல்நாள் பின்னேரமே சம்மதம் கொடுத்திருந்தார். நான் பெட்டியைத் திறந்தது நான்காம் திகதி, வேலை முடிந்து வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல். பிரித்தானியாவில் சனம் வாக்குப் போட்டுக்கொண்டிருந்த நாள்.

என் மகள் துஷாரா பக்கத்தில் இருந்தாள். வாசித்தவள் முகம் மாறியது. டேனிஷில்தான் சொன்னாள்: அம்மா, இது ஹோறிங். முந்தாநாளுக்கு முதல்நாளோடு முடிந்துவிட்டது.

ஹோறிங் என்றால் என்ன என்று கேட்டேன். இருபத்தைந்து வருடம் இங்கே வேலை செய்கிறேன், கிழடுகளின் காது கேட்கும் கருவியின் பெயரில் வருகிற சொல் என்றுதான் எனக்குத் தெரியும். அவள் விளங்கப்படுத்தினாள். ஒரு முடிவு எடுக்கமுன், அதனால் பாதிக்கப்படக்கூடியவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கொம்யூன் கேட்கும். எழுதலாம், வேண்டாம் என்று சொல்லலாம், சண்டையும் பிடிக்கலாம். எழுதாவிட்டால் ஆட்சேபனை இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

மறுநாள் காலை வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கொம்யூனுக்குப் போனேன். ஜோனாஸ் என்று ஒரு இளம் அதிகாரி, மிகவும் மரியாதையான பிள்ளை. பதினான்கு கடிதம் வந்தது என்றான். சதுரங்கக் கழகம் எழுதியது, முதியோர் உடற்பயிற்சிக் குழு எழுதியது, அவர்களுக்கு வேறு இடம் பார்ப்போம் என்று அறிக்கையில் சேர்த்தாயிற்று. உங்களிடமிருந்துதான் பெரிய கடிதம் வரும் என்று எதிர்பார்த்தோம், ஒன்றும் வராதபடியால் நீங்களே வேறு இடம் பார்த்துவிட்டீர்கள் என்று நினைத்தோம் என்றான். கோப்பு நகரசபை அரசியல்வாதிகளிடம் போய்விட்டது. இப்போது எழுதினால் பிந்தி வந்தது என்று குறித்து வைப்பான், அவ்வளவுதான் முடியும்.

அங்கிருந்து நேரே ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை வீட்டுக்குப் போனேன். கொல்லுகிற கோபத்தோடுதான் போனேன். றெஜினா அக்கா கதவைத் திறந்தார். அண்ணை தொலைக்காட்சியில் பிரித்தானிய முடிவுகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஆளுங்கட்சி படுதோல்வி. கன நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் களை இருந்தது. கிழமைக்கணக்காகச் சாப்பிடாதவர் தட்டு நிறையப் பிட்டு வைத்திருந்தார்.

"வாரும் தங்கச்சி, இரும். முடிஞ்சுது," என்றார். "நான் போயிட்டு வந்திட்டன்."

"எங்க போனனீங்கள்?"

"விசாரணைக்கு."

எனக்கு விளங்கவில்லை. அவர் தொலைபேசியை எடுத்து, செயலி மாற்றிக் கொடுத்த தமிழைக் காட்டினார். தினமும் பார்த்திருப்பார் போல, தொட்டதும் வந்தது. "கட்டடத்தை அப்புறப்படுத்தல் தொடர்பாகச் சங்கம் விசாரணைக்கு அனுப்பப்படுகிறது. விசாரணைக்கான இறுதி நாள் யூலை 1. பதிலளிக்காதவர்கள் எதிர்ப்பு இல்லாதவர்கள் எனக் கருதப்படுவர்." விற்பனையை அப்புறப்படுத்தல் என்றும் ஹோறிங்கை விசாரணை என்றும் அது மாற்றி வைத்திருந்தது.

"அந்தச் சுவர்தான் தங்கச்சி. கேளாமல் உடைச்சு அப்புறப்படுத்தினது. ஆரோ சொல்லிப்போட்டினம். உடைச்சது நான். விசாரணை எண்டா தலைவரைத்தான் கூப்பிடுவினம், பிறகு நிர்வாகத்தில இருக்கிற ஒவ்வொருத்தரா. அதுதான் எனக்குத் தெரிஞ்ச முறை. முதலில வெறும் பயம், அதை ஏன் மறைக்கிறன். நித்திரை இல்லை. பிறகு யோசிச்சன், அதுக்கு முன்னம் புது நிர்வாகம் வந்திட்டா, இது பழைய ஆள் செய்த வேலை எண்டு என்னோட முடிஞ்சிடும். விலகிறன் எண்டு சொன்னா ஏன் எண்டு கேப்பியள். நிண்டு தோத்தா ஒருத்தரும் கேளாயினம். நீர் வெல்லுவீர் எண்டு தெரியும். உம்மட வாய்க்கு முன்னால ஆர் நிப்பினம்?"

சிரித்தார்.

"வெண்ட பிறகுதான் யோசிச்சன், இனி உம்மையெல்லோ கூப்பிடப் போறாங்கள் எண்டு. அதைச் சொல்லத்தான் அண்டைக்கு வந்தனான். உம்மட வீட்டில சனம் சிரிச்சுக்கொண்டு இருந்துது. சரி, நானே போவம் எண்டு பெட்டியைக் குடுக்காமல் வைச்சிருந்தன்."

யூலை முதலாம் திகதி காலை ஒன்பதரைக்கே கொம்யூன் வாசலில் நின்றாராம். பத்துக்குத்தான் கதவு திறக்கும். கோட் போட்டு, கையில் ஒரு பை. அந்தப் பை இன்னும் கட்டிலடியில் கிடந்தது. துவாய், மாற்றுச் சேர்ட், பிரஷர் குளிசை, செபமாலை. றெஜினா அக்காவுக்கு வைத்தியரிடம் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

"உள்ளுக்கு ஒரு கதிரையில இருந்தனான். ஒரு பிள்ளை வந்து ஆரையேன் சந்திக்கோணுமோ எண்டு கேட்டாள். காத்திருக்கிறன் எண்டன். கோப்பியும் தந்தாள். மூண்டு மணிக்குப் பூட்டுமட்டும் இருந்தன். ஒருத்தரும் பேர் கூப்பிடேல்லை. விட்டிட்டினம், தங்கச்சி. பதில் சொல்லாட்டி எதிர்ப்பு இல்லாத ஆக்கள் எண்டு கருதுவினமாம், கண்டனீரோ? அதால நான் ஒண்டும் எழுதேல்லை."

அன்று காலை நான் பார்த்த இடம்தான் அது. பச்சைக் கதிரை நான்கு. நேரே கண்ணாடிக் கதவு, அதற்குப் பின்னால் ஜோனாஸின் மேசை. ஒரு தாளில் வேண்டாம் என்று ஒரு சொல் எழுதி நீட்டியிருந்தாலும் போதும். ஐந்து மணி நேரம் அவர் அதற்கு முன்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் விசாரித்ததாகச் சொல்லுங்கோ என்று சொல்லி அனுப்புகிற சனம். சுகம் கேட்பதும் விசாரிப்புத்தான், ஆளைக் கொண்டுபோவதும் விசாரணைதான். கொம்யூன் எங்களை விசாரித்திருக்கிறது, அவ்வளவுதான். இருக்கிறீர்களா, இந்தக் கட்டடம் உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டிருக்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அரளவைத்தது ஆர் என்று கேட்க எனக்குத்தான் வாய் வரவில்லை. கோபத்தோடு போனவள் றெஜினா அக்கா தந்த பிட்டைச் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்தேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிய நாட்களை ஒரு கையில் எண்ணலாம், அது ஒன்று.

நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தோடு கடிதம் அனுப்பினோம். பிந்தி வந்தது என்று குறித்தார்கள். ஆவணிக் கடைசியில் விற்பனைக்கு முடிவெடுத்தார்கள். கடிதம் எப்போது வந்தது என்று எங்கள் சங்கக் கூட்டத்தில் கேட்டார்கள். பதவி மாறுகிற நேரம் பெட்டியைத் திறக்க நான் பிந்திவிட்டேன் என்றேன். பொய்யும் இல்லை. ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்கள், வாக்குப் போட்டவர்களே சொன்னார்கள். ஐம்பத்தெட்டுப் பிள்ளைகளில் பத்தொன்பது பேரை இப்போது சனிக்கிழமைகளில் இக்காஸ்ட்டுக்கு ஏற்றி இறக்குகிறோம். மற்றவர்கள் விட்டுவிட்டார்கள்.

மார்கழியில் கூடத்தைப் பூட்டிக் கொம்யூனிடம் திறப்பைக் கொடுக்கிற நாள் அண்ணையும் வந்தார். வெறும் கூடத்தில் ஒருமுறை சுற்றிவந்து, உடைத்த சுவரின் தடத்தைச் சப்பாத்தால் தடவினார். நான் அழுதுகொண்டு நின்றேன். அவர் கிட்ட வந்து என் முதுகில் தட்டினார்.

"அழாதையும் தங்கச்சி. கட்டடம் போனாப் போகட்டும்," என்றார். "ஒருத்தரையும் கொண்டு போகேல்லைத்தானே."